அடுத்த மாடியில் ஒரு தயாரிப்பாளர்

சென்ற மாதம் மட்டக்களப்பிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் எமது மேசைமீது இன்னும் கிடக்கிறது. "என் மகன் உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றவன். இப்பொழுதோ தான் மியூசிக் புரொடியூசர் ஆகப் போவதாகச் சொல்லுகிறான். அது ஒரு தொழிலா? அதற்கு எவ்வளவு முதல் வேண்டும்? தங்கள் பத்தியில் விளக்கம் தருவீர்களா?" என்று அந்த அம்மையார் கேட்டிருந்தார்.

கேள்வி நியாயமானதே. தயாரிப்பாளர் என்ற சொல்லைக் கேட்டவுடன் எம்மவர் மனக்கண்ணில் தோன்றுபவர், பெட்டி நிறையப் பணத்தோடு படம் எடுக்க வந்து, வெறும் பெட்டியோடு திரும்பிப் போகும் கனவான்தான். தம் மகன் அவ்வாறு ஆகப்போகிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் நித்திரை வரும்?

அம்மையாருக்கு உடனே இரண்டு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால், எமது தலைக்கு மேலேயே அத்தகைய தயாரிப்பாளர் ஒருவர் குடியிருக்கும்போது அவரை விசாரிக்காமல் எழுதுவது முறையன்று என்று பட்டது. வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் எமக்கு நேர் மேல்வீட்டில் வசிக்கும் வாலிபர் அவர். வயது இருபத்து மூன்று. பகலில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை. இரவு ஒன்பது மணிக்குப் பின் அவ்வீட்டிலிருந்து எமது கூரை வழியாக 'டும், டும்' என்றொரு ஓசை இறங்கும். இரண்டு வருடங்களுக்கு முன் அதைப்பற்றி முறையிடுவதற்காகவே நாம் முதன்முதலாகப் படியேறினோம். அன்று தொடக்கம் அவர் ஒலிபெருக்கியை விட்டு ஹெட்போனுக்கு மாறிவிட்டார். எமக்கு நித்திரையும் கிடைத்தது. ஒரு நண்பரும் கிடைத்தார்.

அவருடைய தந்தையார் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சை அளந்து செலவழிப்பவர். மகனுடைய தொழிலைப்பற்றி யாரேனும் கேட்டால், "கணக்குப் பகுதியில் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திவிடுவோம். பழைய சினிமாப் பாட்டு ஒன்று உருவாவதற்கு மெட்டமைப்பவர் ஒருவர், வாத்தியங்களைப் பங்கிட்டுக் கொடுப்பவர் வேறொருவர், வாசிப்பவர்கள் முப்பது நாற்பது பேர், ஒலிப்பதிவாளர் ஒருவர் என்று ஒரு கூட்டமே வேண்டியிருந்தது. இக்காலத்து இசைத் தயாரிப்பாளர் இவர்களுள் பலருடைய வேலையைத் தாம் ஒருவராகவே செய்கிறார். தாளக்கட்டை அமைப்பதும், வாத்திய ஒலிகளைத் தெரிவதும், பாடகரைப் பாடவைத்துப் பதிவு செய்வதும், பின்னர் எந்த ஒலி முன்னே நிற்க வேண்டும், எது பின்னே ஒதுங்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர் பொறுப்பே. பணம் போடுபவர் அல்லர். பெரும்பாலும் பணம் இல்லாதவர்.

வாலிபரின் அறை பத்தடிக்குப் பத்தடி. ஒரு பழைய மடிக்கணினி, ஒரு ஹெட்போன், இருபத்தைந்து கட்டைகள் கொண்ட சிறிய கீபோர்ட், ஒலிவாங்கி ஒன்று, அதைக் கணினியோடு இணைக்கும் கைப்பெட்டி ஒன்று. அவ்வளவே. சுவரில் முன்பு முட்டைத் தட்டுகளை ஒட்டியிருந்தார். அவை கூர்மையான ஒலிகளின் எதிரொலியைச் சிறிது குறைக்குமேயன்றி, ஒலி வெளியே போவதைத் தடுக்கமாட்டா. இதற்கு எமது கூரையே சாட்சி. இப்பொழுது அவற்றைக் கழற்றிவிட்டுத் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்.

கீபோர்டை அமுக்கினால் அதிலிருந்து ஓசை வராது. எந்தக் கட்டை, எப்பொழுது, எவ்வளவு வேகத்தோடு அமுக்கப்பட்டது என்ற செய்தி மட்டுமே கணினிக்குப் போகும். வெவ்வேறு கம்பனிகளின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்காக 1983 இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டுக்கு மிடி என்று பெயர். செய்தியைப் பெற்ற கணினி அதை வீணையாகவும் ஒலிக்கச் செய்யும், வயலினாகவும் ஒலிக்கச் செய்யும்.

கணினித் திரையைப் பார்த்தோம். இடமிருந்து வலமாகக் காலம் ஓடுகிறது, மேலிருந்து கீழாக வாத்தியங்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவே கட்டங்கள். ஒருநாள் மகனுக்குத் தேநீர் கொண்டுவந்த தந்தையார் இத்திரையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்களுடைய பேரேட்டுக் கொப்பி போலவே இருக்கிறது" என்றாராம். அவர் மகனுடைய தொழிலைப்பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான்.

அந்த மென்பொருளின் பெயர் எஃப்.எல். ஸ்டூடியோ. பெல்ஜிய நாட்டுக் கம்பனி ஒன்று 1997 இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட சிறிய தாளப்பெட்டியே வளர்ந்து இவ்வாறாயிற்று. அதைப் பணங்கொடாமல் பரீட்சித்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. செய்த வேலையைச் சேமிக்கலாம். பணம் கட்டும்வரை மீண்டும் திறக்க இயலாது. ஆகவே எமது வாலிபர் தொடங்கிய பாட்டை முடிக்கும்வரை கணினியை அணைப்பதேயில்லை. இரண்டு நாள், மூன்று நாள் என்று அது இரவுபகலாக எரிந்துகொண்டேயிருக்கும். மின்கலமோ செத்துப்போன மின்கலம். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை போனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களில் இவர் மின்சாரம் வரும் நேரத்தைக் கடதாசியில் எழுதிவைத்து, அந்த இடைவெளிக்குள் ஒரு பாட்டைத் தொடங்கி முடித்துவிடப் பழகினார். "என்னை விரைவாக வேலைசெய்யப் பழக்கியது மின்சார சபைதான்" என்று அவர் சிரிக்கிறார். முதற் சம்பளத்தில் தாயாருக்கு ஒரு சேலையும், மீதியைச் சேர்த்து அந்த மென்பொருளின் உரிமத்தையும் வாங்கினார்.

பாட்டு முடிந்ததும் அவர் செய்யும் காரியம் எமக்கு மிகவும் பிடித்தது. கீழே சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிக்காரரிடம் போய், அவருடைய வண்டியில் உள்ள ஒலிபெருக்கியில் அதைப் போட்டுக் கேட்பார். நல்ல ஹெட்போனில் இனிப்பது எல்லாம் முச்சக்கரவண்டியில் இனிக்குமா? அங்கே பாடகரின் சொல் விளங்காவிட்டால் மீண்டும் படியேறித் திருத்துவார். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இருப்பவர்களும் தம் மோட்டார் வாகனத்தில் போட்டுக் கேட்டே திருப்தியடைவார்களாம்.

இது நிற்க. முதல் எவ்வளவு வேண்டும் என்பதல்லவா மட்டக்களப்பு அம்மையாரின் கேள்வி? அமெரிக்காவில் கொம்டன் நகரில் 1998 இல் பிறந்த ஸ்டீவ் லேசி என்பவர் தமது கைத்தொலைபேசியிலேயே பாட்டுகளை அமைத்தார். அவ்வாறு ஐபோனில் அவர் தொடங்கிய ஒன்று கெண்ட்ரிக் லமாரின் 'டாம்' என்ற 2017 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. அத்தொகுப்புக்கு அடுத்த வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. எனவே, முதல் என்பது பிள்ளையின் கையில் ஏற்கனவே இருக்கக்கூடும். தொலைபேசி வைத்திருக்கும் எல்லோரும் லேசி ஆகிவிடுவதில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

வாலிபருக்கு வழிகாட்டியவர்கள் யார் யார் என்று கேட்டோம். தந்தையாரின் இளையராஜா ஒலிநாடாக்களே முதற் பள்ளிக்கூடம் என்றார். அதிலும் பாடகரை விட்டுவிட்டு, கீழே ஓடும் பேஸ் கிற்றாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்பது சிறுவயதில் அவருக்கு ஒரு விளையாட்டாம். 1986 இல் வெளிவந்த 'ஹௌ டு நேம் இட்' என்ற தொகுப்பை, நாடா தேய்ந்து அறும்வரை கேட்டதாகச் சொன்னார்.

ரஹ்மானைப்பற்றியும் பேசினார். ரஹ்மான் 1992 இல் 'ரோஜா' படத்தோடு ஒரே இரவில் உயர்ந்துவிட்டதாகவே பலர் நினைக்கிறார்கள். மலையாளப் பட உலகில் இசையமைப்பாளராயிருந்த தந்தை ஆர்.கே. சேகர் காலமானபோது அவருக்கு ஒன்பது வயது. தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் சீவித்தது. பிள்ளைப் பருவத்திலேயே பிறருடைய வாத்தியக் குழுக்களில் கீபோர்ட் வாசித்தார். பல வருடம் விளம்பரப் பாட்டுகள் செய்தார். 1989 இல் கோடம்பாக்கத்து வீட்டின் பின்புறத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்தார். பிள்ளைகளுக்கு ரஹ்மானை உதாரணம் காட்டும் பெற்றோர் அந்த விளம்பரப் பாட்டு வருடங்களையும் சேர்த்துக் காட்டினால் நலம் என்பது எமது அபிப்பிராயம்.

மூன்றாவதாக அவர் சொன்ன பெயர், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம். 1975 இல் லண்டனில் பிறந்து, இளமையின் முதற் பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1986 இல் லண்டன் திரும்பியவர். கலைக் கல்லூரியில் பயின்றவரேயன்றிச் சங்கீதம் கற்றவரல்லர். றோலன்ட் எம்.சி. 505 என்ற ஒற்றைத் தாளப் பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுகளைக் கட்டத் தொடங்கினார். முதற் பாட்டு 2003 இல் ஐந்நூறு தட்டுகளே அச்சாயிற்று. 2005 இல் 'அருளர்' என்ற தொகுப்பு வெளிவந்தது. 2007 இல் வந்த 'கலா' தொகுப்புக்காகச் சென்னைக்குப் போய் உறுமி மேளத்தை ஒலிப்பதிவு செய்தார். உறுமியைக் கேட்டு ஆடிய மேனாட்டுப் பிள்ளைகளுக்கு அது என்ன வாத்தியம் என்றே தெரிந்திராது. "அந்தப் பாட்டைக் கேட்ட அன்றுதான் எங்களுடைய தவிலும் இந்தப் பெட்டிக்குள் வரலாம் என்ற எண்ணம் வந்தது, ஐயா" என்றார் வாலிபர்.

நான்காவது பெயர் எமக்குப் புதிது. அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரத்தவரான ஜே டில்லா, 1974 இல் பிறந்தவர். அவருடைய கருவி அக்காய் கம்பனியின் எம்.பி.சி. 3000. தட்டுவதற்குப் பதினாறு கட்டங்கள் உடையது. இப்பெட்டிகளில் ஒரு வசதி உண்டு. நாம் தாளத்தைச் சிறிது பிந்தியோ முந்தியோ தட்டிவிட்டால், பெட்டி அதைப் பிடித்திழுத்துச் சரியான கோட்டில் நிறுத்திவிடும். டில்லா அப்படி எல்லாவற்றையும் நிறுத்தவில்லை. சில ஒலிகளைக் கோட்டுக்குச் சற்று முன்னும், சிலவற்றைச் சற்றுப் பின்னும் விழவிட்டார். கேட்பவருக்குத் தாளம் தள்ளாடுவது போலிருக்கும், ஆனால் விழாது. 'டோநட்ஸ்' என்ற அவருடைய தொகுப்பு 2006 பெப்ரவரி 7 ஆம் தேதி, அவரது முப்பத்திரண்டாவது பிறந்த நாளன்று வெளிவந்தது. மூன்றாம் நாள் அவர் நோயினால் காலமானார். அவருடைய பெட்டி இன்று வாஷிங்டன் அரும்பொருளகம் ஒன்றில் இருக்கிறது.

எமது வாலிபர் அந்தத் தள்ளாட்டத்தைக் கற்றுக்கொள்ள மூன்று வருடம் முயன்றார். திரையில் ஒவ்வொரு தட்டையும் மௌசினால் மயிரிழை தள்ளி வைத்துப் பார்த்தார். தள்ளியது தள்ளியதாகவே தெரிந்ததாம். தள்ளாடும் மனிதனைப் போல் நடிப்பவனுக்கும் உண்மையில் தள்ளாடுபவனுக்கும் உள்ள வேற்றுமையை வீதியில் பார்த்திருக்கிறோம் அல்லவா?

சென்ற ஆண்டு அவர் தமது ஒலிவாங்கியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு தாயாரின் ஊராகிய இணுவிலுக்குப் போனார். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர்போன ஊர் அது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே எழுபது வயதைக் கடந்த தவில் வித்துவான் ஒருவர் இருக்கிறார். 1975 இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைச் சிறுவனாயிருந்து நேரில் கேட்டவர். இப்பொழுது கச்சேரிகள் குறைவு. வாலிபரின் தாயார் குடும்பத்தை அறிந்தவராகையால் சம்மதித்தார்.

முதற் பதிவு வீணாயிற்று. தவிலின் வலப்பக்கத்தைக் கூடு மாட்டிய விரல்களாலும், இடப்பக்கத்தைக் கழியாலும் வாசிப்பார்கள். அது திருவிழாக் கூட்டத்துக்கு மேலால் கேட்கவேண்டிய வாத்தியம். வாய்ப்பாட்டுக்கு வைப்பதுபோல் ஒலிவாங்கியை அருகே வைத்தார் வாலிபர். ஒலி அளவுமீறி முறிந்து, தகரத்தைக் கிழித்தாற்போல் பதிவாயிற்று. கணினிப் பதிவில் அளவுமீறிய இடம் வெட்டுண்டு போனதுதான். பின்னர் ஒட்டவைக்க இயலாது. ஆறடி தள்ளிவைத்தார். அறைக்குள் எதிரொலித்தது. ஈற்றில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கத்துத் திறந்த தலைவாசலுக்குப் போனார்கள். அங்கே ஒலி நன்றாயிருந்தது. முருங்கை மரத்துக் காகம் ஒன்றும் கச்சேரியில் சேர்ந்துகொண்டது.

அடுத்தது தாளம். கணினியின் தட்டுக்கு ஒத்து வாசிக்கவேண்டுமென்று வித்துவானின் காதில் ஹெட்போனை மாட்டினார். இரண்டு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு அவர் அதைக் கழற்றிப் பாயில் வைத்தார்.

"தம்பி, உந்தப் பெட்டி எனக்காக ஒரு இடத்திலும் நிற்குதில்லை. நீர் கையாலே தாளத்தைப் போடும். நான் உம்முடைய கையைப் பார்த்து வாசிக்கிறன்."

அப்படியே நடந்தது. வாலிபர் தொடையில் தட்டி ஆதி தாளம் போட, அவர் நாற்பது நிமிடம் வாசித்தார். கொழும்பு திரும்பி அப்பதிவைத் திரையில் விரித்தபோது ஒரு தட்டுக்கூடக் கட்டங்களுக்குள் நேரே விழவில்லை. கோர்வை நெருங்கும் இடங்களில் காலம் சிறிது இறுகியது. முடிந்து சமத்தில் விழுந்ததும் மூச்சு விட்டாற்போல் தளர்ந்தது. பெட்டியின் நேர்ப்படுத்தும் வசதியைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காயிற்று, வித்துவானைக் காணவில்லை. ஆகவே காரியத்தைத் தலைகீழாகச் செய்தார். தவிலைக் கட்டத்துக்குள் அடைக்காமல், கட்டங்களை ஒவ்வொன்றாகத் தவிலுக்கு ஏற்ப வளைத்தார். மேல்நாட்டுத் தாள ஒலிகளும் பேஸும் அந்த வளைவைப் பின்பற்றின. இரண்டு மாத இரவுகள் இதற்குச் சென்றன. "மூன்று வருடம் டில்லாவிடம் நான் தேடியது இணுவில் தலைவாசலில் இருந்தது, ஐயா" என்று அவர் எம்மிடம் சொன்னபோது அவர் குரலில் சிறிது வெட்கமும் இருந்தது.

அந்தப் பாட்டைக் கேட்டோம். எமது காது பழைய காது. ஆயினும் காகம் கரைந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது.

இனி வருவதுதான் வீட்டில் சச்சரவுக்குக் காரணமான விஷயம். இக்காலத் தயாரிப்பாளர்கள் தாம் அமைத்த தாளப் பின்னணிகளை இணையத்தில் விற்கிறார்கள். அதை 'பீற்' என்பார்கள். விற்பனை இருவகை. ஒன்றையே பலருக்குக் குறைந்த விலைக்கு வாடகைபோல் விடுவது ஒன்று. ஒருவருக்கே முழு உரிமையையும் கொடுத்துவிடுவது மற்றையது. வெளிநாட்டுப் பாடகர் ஒருவர் மேற்படி தவிற் பாட்டைக் கேட்டுவிட்டு, முழு உரிமைக்கு 300 டொலர் தருவதாக எழுதினார். எமது பணத்தில் ஏறக்குறைய 90,000 ரூபா. கூடவே ஒரு பத்திரமும் வந்தது. இதில் உள்ள ஒவ்வோர் ஒலியும் என்னால் மட்டுமே உண்டாக்கப்பட்டது. வேறெவருக்கும் இதில் உரிமை இல்லை என்று வாலிபர் கையொப்பமிட வேண்டும்.

தந்தையார் படியிறங்கி எம்மிடம் வந்தார். "இரண்டு வருடமாகச் செலவுதான். முதன்முதலாக வருமானம் வருகிறது. இவன் கையொப்பம் வைக்கமாட்டேன் என்கிறான். நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ" என்றார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. வித்துவானுக்கு வாலிபர் அன்றே ஐயாயிரம் ரூபாவும் வேட்டி சால்வையும் கொடுத்திருந்தார். கலியாண வீட்டில் வாசித்தவர் கூலி வாங்கியபின் பங்கு கேட்பதுண்டா என்பது தந்தையாரின் வாதம். ஆனால் கலியாண வீட்டு வாசிப்பு அன்றோடு காற்றில் போய்விடுகிறது, பதிவு போவதில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டை ஆக்கியவருக்கு மாத்திரமன்றி, வாசித்தவருக்கும் தம் வாசிப்பின்மீது உரிமை வழங்குகிறது. ஆக்கியவரின் உரிமை அவர் காலமாகி எழுபது வருடம்வரை நிற்கும். வாசித்தவரிடம் எழுத்தில் சம்மதம் பெறாமல் 'என்னால் மட்டுமே' என்று ஒப்பமிடுவது பொய். அப்பொய்க்கு வாலிபரே பின்னர் பொறுப்பாவார். இதை நாம் தந்தையாருக்கு விளக்கினோம். இலிகிதராயிருந்தவரல்லவா, பொய்ப் பத்திரம் என்ற சொல் அவரைத் தொட்டது. ஆனாலும் முகம் தெளியவில்லை. 90,000 ரூபா சிறிய தொகையன்று.

வாலிபருக்குக் கனவு எதுவென்று கேட்டால், பணத்தையோ புகழையோ அவர் முதலிற் சொல்வதில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் சொந்தமாக ஒரு சிறிய கூடம். அதில் இலங்கைப் படங்களுக்குப் பின்னணி இசை. ஓய்வுள்ள மாதங்களில் ஊர் ஊராய்ப் போய் முதிய வாத்தியக்காரர்களைப் பதிவு செய்வது. அதுவரை கணக்குப் பகுதி வேலையை விடும் எண்ணமில்லை. மாதம் இரண்டு விளம்பரப் பாட்டுக் கிடைத்தால் மின்சாரக் கட்டணம் போக மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார். மட்டக்களப்பு அம்மையாரின் மகனும் வர்த்தகப் பிரிவு என்பதால் இதைக் குறிப்பாக எழுதுகிறோம். இத்தொழிலில் கணக்குப் படித்தது வீண்போகாது. பாட்டில் யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதிவைக்காமல் பின்னர் மனம் நொந்தவர்கள் மிகப் பலர்.

வாலிபர் இணுவிலுக்குத் தொலைபேசியில் பேசி, விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். காசைப்பற்றி வித்துவான் ஒன்றும் கேட்கவில்லையாம். "அந்தக் காகத்தை எடுத்துப் போட்டீரோ?" என்று கேட்டாராம். இல்லை என்றதும், "விடும், அதுவும் தாளத்திலைதான் நிண்டது" என்றாராம்.

பின்னர் வாலிபர் அந்தப் பாடகருக்கு எழுதினார். தவில் வாசித்தவரின் பெயர் பாட்டோடு வரவேண்டும். விலையிலும் இனி வரும் வருமானத்திலும் அவருக்கு இவ்வளவு பங்கு. இவற்றைப் பத்திரத்தில் சேர்த்தால் ஒப்பமிடத் தயார் என்று. மூன்று வாரமாயிற்று. பதில் இல்லை.

நேற்று மாலை தந்தையார் படிக்கட்டில் எம்மைக் கண்டு நின்றார். வருகிற மாதம் கோயில் திருவிழாவுக்கு மகன் இன்னோர் ஒலிவாங்கியும் இரவல் வாங்கிக்கொண்டு இணுவிலுக்குப் போகிறானாம். இரவு பஸ்ஸில் இரண்டு ஆசனம் பதிவு செய்துவிட்டு வருவதாகச் சொன்னார். இரண்டாவது ஆசனம் யாருக்கு என்று கேட்டோம்.

"அந்தப் பெட்டிகளையெல்லாம் அவன் ஒருவனாகத் தூக்க ஏலுமோ?" என்றுவிட்டு மேலே ஏறிப்போனார்.